கடைக்கு லோடு வண்டி வாங்கும் முன்



2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு ‘குட்டி யானை’ நிற்காத கடைத்தெருவே இல்லை என்றாகிவிட்டது. மளிகைக் கடைக்காரர்கள் பலருக்கும் சொந்தமாக ஒரு சிறு லோடு வண்டி இருந்தால் நல்லது என்ற எண்ணம் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் வாடகை வண்டிக்காரர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்ற கோபத்தில், அதே வாரத்தில் பழைய வண்டி ஒன்றைப் பேசி முடித்துவிடுகிறவர்களும் நம்மில் உண்டு. வாரத்துக்கு இரண்டு நடை மட்டுமே சரக்கு ஏற்றும் கடைக்குச் சொந்த வண்டி தேவையில்லை என்பது எங்கள் கருத்து. நிற்கிற வண்டிக்கும் தவணை, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

வாங்குவது என்று முடிவு செய்தால் முதலில் எடையைப் பாருங்கள். “ஒரு டன் தாராளமாக ஏறும்” என்று புரோக்கர் சொல்வது கணக்கில் சேராது. ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை என்று இரண்டு இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் சட்டப்படி ஏற்றக்கூடியது. டிரைவர், உடன் வரும் ஆள் எடையும் அதில் அடக்கம். முக்கால் டன் என்றால் 50 கிலோ சர்க்கரை மூட்டை 15. இரண்டு ஆட்கள் ஏறினால் 12தான். மேலே கூண்டு கட்டிய வண்டியாக இருந்தால் காலியாகவே எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டினால், அந்தக் கூடுதல் உங்கள் சரக்கில்தான் குறையும். அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகுதியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019 செப்டம்பர் முதல் சட்டம் இருக்கிறது. நாலு மூட்டை கூடுதலாக ஏற்றி மிச்சப்படுத்தும் வாடகை அதற்கு ஈடாகுமா?

பழைய வண்டி என்றால், இதற்கு முன் அது என்ன சரக்கு ஏற்றியது என்று கேளுங்கள். இதை மெக்கானிக் சொல்லமாட்டார். மளிகைக்காரர்தான் கேட்க வேண்டும். மீன், உரம், பூச்சிமருந்து ஏற்றிய வண்டியை எத்தனை முறை கழுவினாலும் வாசனை முழுதாகப் போகாது. டீத்தூளும் மைதாவும் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். வெயிலில் ஒரு மணி நேரம் மூடி வைத்துத் திறந்து முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். உப்போ, ஐஸ் வைத்த மீனோ ஓடிய வண்டியில் சேஸிஸ் அரித்திருக்கும். புது பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

என்ஜினைக் காலையில் போய், குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் அளவு மீறி பாரம் சுமந்த வண்டி. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் காரணம் கேட்காமல் விலை பேசாதீர்கள். மீட்டர் குறைவாகக் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று இருந்தால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும். கூட்டிப்போகும் மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும். பாரம் ஏற்றி ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் முழுப் பணமும் கொடுத்து வண்டி வாங்கினார். மூன்றாம் மாதம், பாதி வழியில் சரக்கோடு நிறுத்தி பைனான்ஸ்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். விற்றவர் கட்ட வேண்டிய தவணை பாக்கி. சரக்கை மீட்கவே பத்து நாள் ஆயிற்று. கொடுத்த பணம் இன்றுவரை வரவில்லை. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் தரக்கூடாது. வண்டி எண்ணைப் பரிவாஹன் தளத்தில் போட்டுப் பார்த்தால் கடன், இன்சூரன்ஸ், எப்.சி. விவரம் தெரியும், நிலுவை அபராதத்தையும் பார்த்துவிடலாம். எப்.சி. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பின் ஆண்டுதோறும். ஆகவே ஏழு வயது வண்டிக்கும் ஒன்பது வயது வண்டிக்கும் விலையில் மட்டுமல்ல, பராமரிப்புச் செலவிலும் வித்தியாசம் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்டால் பர்மிட் தேவையில்லை.

புது வண்டி வாங்குவோர், சரக்கு வாகனத்துக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். காம்போசிஷனில் இருப்போருக்கு அது கிடையாது.

பழைய வண்டியைத் தள்ளிவிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாறிய ஆர்.சி. நகலை வாங்கி உங்கள் பைலில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பாக்கித் தொகையில் கொஞ்சத்தை நிறுத்தி வைக்கச் சொன்னாலும் ஒப்புக்கொண்டு, அவரையே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உடன் அழைத்துப் போங்கள்.