விமானக் கம்பெனி கார்டும் ஏர்போர்ட் லவுஞ்சும்

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் போவது லேசான காரியம் இல்லை. காரில் போனால் ஆவடி, பூந்தமல்லி, போரூர் என்று சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டும். ரயிலில் போகிறவர்கள் ஆவடியில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு மாற வேண்டும். எந்த வழியிலும் நேரத்தை நம்ப முடியாததால் எல்லோரும் முன்கூட்டியே கிளம்பிவிடுகிறோம். செக்கிங் முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தைக் காட்டித்தான் விமானக் கம்பெனியின் பெயர் போட்ட கார்டை விற்பவர்கள் நம்மைப் பிடிக்கிறார்கள்: “இந்த கார்டை வாங்குங்க சார், லவுஞ்ச் ஃப்ரீ.”

இங்கே அந்தப் பேச்சுக்குக் காது கொடுப்பவர்கள் நிறைய. பக்கத்திலேயே விமானப்படை நிலையம் இருப்பதால், லீவில் வடக்கே சொந்த ஊருக்குப் போகிற குடும்பங்கள் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளும் உண்டு. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் விமானம் ஏறுகிறோம் என்கிற இவர்களுக்கு அந்த கார்டு லாபமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில், லவுஞ்ச் வாசலில் நடப்பதைப் பார்ப்போம். மேசையில் இருப்பவரிடம் போர்டிங் பாஸையும் கார்டையும் நீட்டுகிறோம். அவர் கார்டை மெஷினில் போடுகிறார். விசா, ரூபே கார்டுகளில் வழக்கமாக 2 ரூபாயும் மாஸ்டர்கார்டில் 25 ரூபாயும் பிடிக்கிறார்கள். கார்டு உயிரோடு இருக்கிறதா, இந்தக் காலாண்டில் உங்களுக்கு இன்னும் நுழைவு பாக்கி இருக்கிறதா என்று சரிபார்க்கத்தான் இந்தச் சின்னத் தொகை. பச்சை விளக்கு கிடைத்தால் உள்ளே சோபா, சார்ஜர், காபி, சுடச்சுட டிபன். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு லவுஞ்ச் நடத்துகிறவர் உங்கள் தலைக்கு ஒரு பில் போடுகிறார். அது இடைத்தரகர் வழியாக கார்டு நெட்வொர்க்குக்கோ வங்கிக்கோ போகிறது. இலவசம் என்று நாம் சாப்பிட்ட இட்லிக்கு வங்கி காசு கொடுத்திருக்கிறது. வங்கி அதை ஆண்டுக் கட்டணத்திலும், கடைக்காரரிடம் பிடிக்கிற கமிஷனிலும், பாக்கி வைப்பவரிடம் வாங்குகிற வட்டியிலும் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இதில் விமானக் கம்பெனிக்கு என்ன வேலை? அமெரிக்காவில் லவுஞ்சைக் கொண்டுவந்ததே விமானக் கம்பெனிகள்தான். 1939-இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்மிரல்ஸ் கிளப்பைத் திறந்தது. இன்றைக்கும் அங்கே அந்தக் கம்பெனியின் உயர்ரக கார்டை வாங்கினால், அந்தக் கம்பெனியின் சொந்த கிளப்புக்கே உறுப்பினர் ஆகலாம். நம் ஊர் நிலைமை வேறு. கார்டுகள் திறக்கும் லவுஞ்சுகளில் பெரும்பாலானவை விமான நிலையத்தில் இடம் எடுத்துத் தனியார் நடத்தும் பொது லவுஞ்சுகள். கார்டின் மேல் எந்த விமானக் கம்பெனியின் படம் இருந்தாலும், நீங்கள் போவது பக்கத்து வீட்டுக்காரர் சாதாரண வங்கி கார்டில் போகிற அதே இடத்துக்குத்தான். ஏர் இந்தியாவின் சொந்த லவுஞ்சில் உட்கார பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டோ, அடிக்கடி பறந்து சம்பாதித்த உயர்மட்ட உறுப்பினர் தகுதியோ வேண்டும்.

விமானக் கம்பெனி கார்டின் உண்மையான சரக்கு டிக்கெட் புள்ளிகள். வங்கி அந்தப் புள்ளிகளைக் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கி நமக்குத் தருகிறது. லவுஞ்ச், அதோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் கொசுறு. கொசுறுக்காகச் சாமான் வாங்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏர் இந்தியா எஸ்பிஐ சிக்னேச்சர் கார்டு பல காலம் 4,999 ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் விற்கப்பட்டது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 5,899 ரூபாய். அதில் உள்நாட்டு லவுஞ்சுக்கு வருஷத்தில் 8 நுழைவு, ஒரு காலாண்டுக்கு அதிகபட்சம் 2. வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போய்வரும் ஒருவர், போக வர என்று நான்கு முறைதான் லவுஞ்சில் உட்கார முடியும். லவுஞ்சுக்காக மட்டுமே அந்த கார்டை வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 1,475 ரூபாய் ஆகிறது. அதோடு, பெரும்பாலான கார்டுகளில் நுழைவு கார்டுக்காரர் ஒருவருக்கு மட்டும்தான். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகிறவர் உள்ளே போய்ப் பொங்கல் சாப்பிட, அவர்கள் வெளியே நாற்காலியில் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று தலைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். வாசலில் நின்று குடும்பமாக முழிப்பதைவிட இதைக் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

கூட்டம் பெருகப் பெருக வங்கிகளும் கதவைச் சாத்தத் தொடங்கிவிட்டன. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரல் முதல், முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவு செய்தவர்களுக்கே பல கார்டுகளில் லவுஞ்ச் என்றது. அதே ஆண்டு நவம்பரில் அதை 75,000 ஆக்கியது. மற்ற வங்கிகளும் இதே பாதையில்தான் போகின்றன. ஆபத்து இங்கேதான். அந்தத் தொகையை எட்ட வேண்டும் என்று தேவையில்லாததை வாங்கி, 30,000 ரூபாயை ஒரு மாசம் பாக்கி வைத்தால், மாதம் 3.75 சதவீத வட்டியில் 1,125 ரூபாய் போய்விடும். வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. மினிமம் தொகையைக் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. முழுத் தொகையையும் கட்டாதவரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டு லவுஞ்ச் சலுகை, வெளிநாட்டு விமானங்கள் புறப்படும் சென்னை இரண்டாம் டெர்மினலில் பெரும்பாலும் உதவாது. அதற்கு பிரையாரிட்டி பாஸ் போன்ற தனி உறுப்பினர் அட்டை வேண்டும். கார்டோடு அது இலவசமாக வந்தாலும் ஒவ்வொரு நுழைவும் இலவசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில வங்கிகளின் பாஸை இந்தியாவுக்குள் பயன்படுத்தினால் டாலர் கணக்கில் பில் வரும். உள்நாட்டுப் பயணத்திலும் உங்கள் விமானம் கிளம்பும் டெர்மினலில் உள்ள லவுஞ்ச் உங்கள் கார்டின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து டெர்மினல் லவுஞ்சுக்குப் போய்வர முடியாது.

கம்பெனியின் பெயரை நம்பி வாங்கும் கார்டுக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. அதன் பெயர் போட்ட கார்டுகள் எத்தனையோ பேர் கையில் அப்போது இருந்தன. 2024 நவம்பர் 12-இல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. விஸ்தாரா கார்டு வைத்திருந்தவர்களுக்குச் சலுகை விதிகள் மாறின. இடைத்தரகர்களும் நிலையாக இருப்பதில்லை. வங்கிகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் நடுவில் பெரிய ஆளாக இருந்த ட்ரீம்ஃபோக்ஸ், 2025 செப்டம்பரில் உள்நாட்டு லவுஞ்ச் தொழிலையே கைவிட்டது. அதனால் கார்டு வாங்கிய நாளில் கொடுத்த தாளை நம்பிக் கிளம்பாதீர்கள். பயணத்துக்கு முந்தின நாள் வங்கியின் ஆப்பில் பார்த்துவிடுங்கள். சில வங்கிகளில் முன்கூட்டியே ஆப்பிலிருந்து கூப்பனோ க்யூஆர் குறியீடோ எடுத்துப் போக வேண்டும்.

புது கார்டுக்கு அலைவதற்கு முன் பர்ஸில் இருப்பதைப் புரட்டிப் பாருங்கள். சம்பளக் கணக்கோடு வந்த டெபிட் கார்டிலேயே, குறிப்பாக படையினருக்கான சம்பளக் கணக்குகளில், உள்நாட்டு லவுஞ்ச் சலுகை இருக்கக்கூடும். ரூபே பிளாட்டினம் டெபிட் கார்டில் காலாண்டுக்கு ஒரு முறை என்பது வெகுகாலமாக இருந்துவந்த ஏற்பாடு. இப்போது உங்கள் வங்கி அதற்கு என்ன நிபந்தனை வைத்திருக்கிறது என்று கிளையில் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

லவுஞ்சே வேண்டாம், டீயும் சமோசாவும் போதும் என்பவர்களுக்கு 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு டெர்மினலில் உடான் யாத்ரி கஃபே திறந்தார்கள். டீ 10 ரூபாய், காபி 20, சமோசா 20, தண்ணீர் பாட்டில் 10 என்று விலை வைத்தார்கள். விமான நிலையத்துக்குள் இந்த விலையில் ஒரு குடும்பமே டிபனை முடித்துவிடலாம் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்த செய்தி.

ஏற்கெனவே ஒரு கார்டை லவுஞ்சுக்காக வாங்கி, பயன்படுத்தாமல் வருஷா வருஷம் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள், பாக்கியை முழுக்கத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லலாம். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும். கோரிக்கையை மின்னஞ்சலிலோ ஆப்பிலோ அனுப்பி, தேதியோடு ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.