திரையில் ஒலிக்கும் தப்பு

திரைப்பட இசை என்றதும் பாடல்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இசையமைப்பாளரின் கடினமான பணி பின்னணி இசைதான். ஒரு சோகக் காட்சியைத் தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கண் கலங்காது. அந்தக் கண்ணீரில் பாதி இசையமைப்பாளர் வரவழைத்தது.

பின்னணி இசை சேராத படத்தை அவர் முதலில் பார்க்கிறார். இசை எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே மௌனமே போதும் எனத் தீர்மானிக்கிறார். பிறகு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இசைக்குறிப்பு எழுதுகிறார்.

இக்கலையில் தலைசிறந்தவர்களுள் ஒருவர் இளையராஜா. 1943இல், இன்றைய தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்தார். 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளரானார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களின் பின், 2025 மார்ச் 8இல் அவரது சிம்பொனி லண்டனில் அரங்கேறியது.

இவ்வளவு உயர்ந்தும் அவர் கிராமத்து இசையை விடவில்லை. தாலாட்டையும் நாட்டுப்புற மெட்டையும் வயலின்களுக்குப் பக்கத்தில் சமமாக அமர்த்தினார். 2016இல் வெளியான 'தாரை தப்பட்டை' கிராமியக் கலைஞர்களின் கதை. அதன் பின்னணி இசைக்கு இந்தியாவின் தேசிய விருது அறிவிக்கப்பட்டது.

தப்பு நம் ஊவாவுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்தது தப்புதான். திருவிழாவிலும் காமன் கூத்திலும் சாவு வீட்டிலும் அது இன்றும் ஒலிக்கிறது. ஆனால் சாவு மேளம் என்றும், இன்ன சாதியின் தொழில் என்றும் அதை ஒதுக்குவோர் உண்டு. வாப்பாவின் கடைக்கு வரும் தப்புக் கலைஞர் ஒருவர், "என் மகன் இதைக் கையால தொடமாட்டேங்கிறான் முதலாளி" என்றார். மகனையும் குறை சொல்ல முடியாது. ஏளனத்தை யார்தான் விரும்பிச் சுமப்பார்? திரையில் கேட்டால் கைதட்டுகிறோம். லயத்தில் கேட்டால் முகம் சுளிக்கிறோம். மாற வேண்டியது நம் பார்வை.

மலையகப் பாடல்களை அன்று சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். இன்று நம் கையில் தொலைபேசி இருக்கிறது. அன்பான மாணவியரே, அயலிலுள்ள தோட்டத்துப் பாட்டிமார் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் அவர்களின் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். நம் உம்மும்மாமார் பாடும் தாலாட்டும், பக்கீர்மார் றபான் தட்டிப் பாடும் பைத்தும் அப்படியே காக்கப்பட வேண்டியவை. பெற்றோரே, பிள்ளைகள் இவற்றைக் கேட்டு வந்தால் படிப்பு கெடுகிறது என்று தடுக்காதீர்கள். பாடியவரின் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதி வைத்தால், நாளை ஓர் இசையமைப்பாளர் தேடி வரும்போது கொடுப்பதற்கு நம்மிடம் ஏதாவது இருக்கும்.