உருகாது, புகைந்துவிடும்

குண்டு பல்பின் கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்ததைக் கவனிக்காமல் சுவிட்சைப் போட்டால், ஒரு நொடி பளீரென்று எரிந்து இழை அறுந்துபோகும். கண்ணாடியின் உட்புறம் மாவு பூசினாற்போல வெளிர்மஞ்சள் படலம் படிந்திருக்கும். அந்த இழை, 3422 டிகிரி செல்சியஸ் வரை உருகாத டங்ஸ்டன். உள்ளே புகுந்த காற்றுதான் அதைத் தின்றுவிட்டது.

எளிதில் உருகாத இன்னொரு உலோகமான மாலிப்டினத்தின் பாடு இன்னும் மோசம். அது உருக 2623 டிகிரி வேண்டும். அதன் ஆக்சைடோ 795 டிகிரியிலேயே உருகும். அதற்கு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். எவர்சில்வர் தட்டில் கலந்திருக்கும் குரோமியம், கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுத் தோலாகி உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது. மாலிப்டினத்தின் தோலோ உண்டாக உண்டாகப் புகையாகிப் போகிறது. செக்கச் சிவக்கக் காய்ந்த மாலிப்டினக் கட்டி, காற்றில் கற்பூரம்போலக் கரையும்.

எனவே தோலுக்கு வேறொரு தனிமத்தைத் தேட வேண்டியிருந்தது. சிலிக்கான் கைகொடுத்தது, அதன் ஆக்சைடு கண்ணாடியாகப் படியும். ஒரு பங்கு மாலிப்டினத்துக்கு இரு பங்கு சிலிக்கான் அணுக்கள் சேர்ந்த மாலிப்டினம் டைசிலிசைடுக் கம்பிகள், உலைகளில் 1600 டிகிரிக்கு மேலும் காற்றில் தாங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால், அதே பொருள் 500 டிகிரி அளவில் பொடிப்பொடியாகிவிடும்! அந்தச் சூட்டில் கண்ணாடி மெதுவாகத்தான் உண்டாகும். ஆவியாக முடியாத மாலிப்டினம் ஆக்சைடு விரிசல்களுக்குள் பருத்து, ஆப்பு அடித்ததுபோலப் பிளக்கிறது. எரிக் ஃபிட்சர் 1955இல் விவரித்த இந்த நோய்க்கு 'பெஸ்ட்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் கொள்ளைநோய்.

அடுத்து வந்தது போரான். ஆய்வகக் குடுவைகளின் கண்ணாடியிலும் இதுதான் இருக்கிறது. மாலிப்டினமே பெரும்பங்கான நூறு கிராம் கலவையில் சிலிக்கான் ஏறக்குறைய 3 கிராம், போரான் 1 கிராம் போதும். சூடேறியதும் மேற்பரப்பிலுள்ள மாலிப்டினம் முதலில் புகைந்து போகும். எஞ்சிய சிலிக்கானும் போரானும் சேர்ந்து கண்ணாடியாகும். சிலிக்கான் கண்ணாடி மட்டும் இருந்தால் இறுகிக் கிடக்கும். போரான் அதை இளக்குவதால், பாகுபோல வழிந்து ஓட்டைகளை அடைக்கிறது.

அப்படியானால் இரண்டையும் அள்ளிப் போடலாமே? போட்டால் சிலிசைடுகள் பெருகி, உலோகம் ஓடுபோல நொறுங்கும். குறைத்தால் தோல் மூடாது. ஆயிரம் டிகிரிக்கு மேல் நன்றாகவே காக்கும் இந்தக் கலவைகள், 700 டிகிரியை ஒட்டித்தான் இன்னும் தடுமாறுகின்றன. இவற்றால் செய்யப் பார்க்கும் விமான எஞ்சின் டர்பைன் அலகோ ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நிற்கும்போதும் அந்தச் சூட்டைக் கடந்தாக வேண்டும்.