கொடி மேலே, நஞ்சு கீழே: வீட்டுத் தோட்டமும் வளர்ப்பு நாய்களும்

நிலம் சுருங்கிவிட்ட நகரத்து வீடுகளில், நட்ட இடத்தில் ஒரு சாண் மண் மட்டுமே கேட்டுச் சுவரிலும் கம்பியிலும் பந்தலிலும் தன் போக்கில் பரவிக்கொள்ளும் கொடிகளே பசுமைக்கு எஞ்சியிருக்கும் வழி என்பதால், மாடித்தோட்டமோ பால்கனியோ எதுவாயினும் அங்கே மரஞ்செடிகளைவிடக் கொடிகளே மிகுதியாக இடம்பெறுகின்றன. அதே சிறிய இடத்தில்தான் வீட்டு நாயும் பகல் முழுவதும் உலவுகிறது. பூவும் இலையும் உயரத்தில் இருக்கும் வரையில் நாய்க்கு எட்டாது என்று வீட்டார் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் கொடித் தாவரங்களில் நஞ்சு மிகுந்த பகுதிகள் பெரும்பாலும் விதை, கனி, கிழங்கு ஆகியவையாக இருப்பதும், அவை மண்ணிலே புதைந்தோ உதிர்ந்து தரையிலே கிடந்தோ நாயின் மூக்குக்கு நேராக அமைந்துவிடுவதும் கவனத்துக்கு வருவதில்லை.

தனக்கு ஆகாததை நாய் தானே ஒதுக்கிவிடும் என்னும் நம்பிக்கை பரவலாக இருந்தாலும், அது நம்பத்தக்கதன்று. நாய் உலகத்தை மூக்காலும் வாயாலும் அறியும் விலங்கு. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் மூன்று நான்கு மாத வயதிலிருந்து ஏறத்தாழ ஏழு மாத வயது வரை, ஈறின் தினவு தீர எதையேனும் கடித்துக்கொண்டே இருப்பது குட்டிகளின் இயல்பு. வளர்ந்த நாய்களும் தனிமையில் சலிப்புற்றால் தொட்டியைத் தோண்டுகின்றன. நஞ்சின் விளைவு உடல் எடையைப் பொறுத்தது என்பதால், ஒரு ராஜபாளையம் நாய்க்கு வயிற்றுப்போக்கோடு நின்றுவிடக்கூடிய அளவு, ஒரு பக் குட்டிக்கு உயிர்ப் பிரச்சினையாகிவிடக்கூடும்.

தமிழகத்துக் கொடிகளுள் இவ்வகையில் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது செங்காந்தள். மாநில மலராகிய இது, இலையின் நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி அருகிலுள்ள எதையும் பிடித்து ஏறும். விளிம்பு நெளிந்து மேல்நோக்கி வளைந்த இதழ்கள் மஞ்சளில் தொடங்கிச் செந்நிறமாக முதிரும் அழகுக்காகவே பலர் இதைத் தொட்டியில் வைக்கிறார்கள். திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம் பகுதிகளிலும் திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்திலும், மருந்துத் தயாரிப்புக்குத் தேவைப்படும் விதைக்காக உழவர்கள் இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பந்தலிட்டுப் பயிரிடுகிறார்கள். அந்த மருந்துப் பொருளின் பெயர் கோல்ச்சிசின். மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்து உண்டாகும் கௌட் என்னும் வாதநோய்க்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் தருவது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதன் மரபுப்பொருளை இருபுறமும் இழுத்துப் பங்கிடும் நுண்குழல்கள் உருவாகாமல் இப்பொருள் தடுத்துவிடுவதால், உடலில் எங்கெல்லாம் உயிரணுக்கள் விரைந்து பிரிந்து புதுப்பிக்கப்படுகின்றனவோ அங்கெல்லாம், குறிப்பாகக் குடலின் உட்சுவரிலும் எலும்பு மச்சையிலும், அழிவு தொடங்குகிறது. வாயில் எச்சில் ஒழுகுதல், ஓயாத வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், பின்னர் இரத்த அழுத்தம் சரிந்து உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழத்தல் என்று நோய் முன்னேறும்.

செடியின் எல்லாப் பகுதிகளிலும் இந்த நஞ்சு உண்டு எனினும் கிழங்கிலும் விதையிலும் அதன் அளவு மிகுதி. ஏர்க்கலப்பையைப் போல் இரு கிளையாக வளைந்த அந்தக் கிழங்கு, பூத்துக் காய்த்து முடிந்தபின் தண்டும் இலையும் காய்ந்து மறைந்துவிட, அடுத்த மழைக்காகச் சில மாதங்கள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். ஆபத்து கூடுவது அந்த மாதங்களில்தான். வெளியே ஒன்றும் தெரியாத தொட்டியை வெறுந்தொட்டி என்று கருதி வீட்டார் தரையோரம் ஒதுக்கிவைப்பதுண்டு. மழை தொடங்கும் வேளையில் மண்ணைக் கிளறி எலும்புத்தூளும் புண்ணாக்கும் இடுவதுமுண்டு. எலும்புத்தூளின் வாடை நாய்க்கு இறைச்சியின் வாடையே என்பதால் அது தோண்டத் தொடங்கும். தோண்டினால் வாய்க்கு எட்டுவது கிழங்கு. இடப்பட்டது ஆமணக்குப் புண்ணாக்காக இருந்தால் கேடு இரட்டிப்பாகும். எண்ணெய் பிழிந்தபின் ஆமணக்கு விதையின் ரிசின் என்னும் கொடிய புரத நஞ்சு சக்கையிலேயே தங்கிவிடுகிறது. அதைச் சுவைத்து உண்ணும் நாய்கள் இறந்துபோவதைக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். கொடி தீங்கற்றதாயினும் அதன் வேரில் இட்ட உரம் தீங்கற்றதாக இராமல் போகலாம் என்பதால், நாய் உள்ள வீட்டில் ஆமணக்குப் புண்ணாக்கை அறவே விலக்கி, நன்கு மக்கிய தொழுவுரத்தையோ மண்புழு உரத்தையோ மண்ணோடு கலந்து இடுவதே தக்கது.

வேலியோரங்களில் தானாகவே முளைத்து ஏறும் குன்றிமணிக் கொடியும் இதே தரத்தைச் சேர்ந்தது. பளபளக்கும் செந்நிற விதை, ஒரு முனையில் கறுப்புப் பொட்டு. முற்றிய நெற்று வெடித்துச் சுருளும்போது சில விதைகள் அதிலேயே ஒட்டியிருக்க மற்றவை தரையில் சிதறும். இதிலுள்ள ஏப்ரின், ரிசினைப் போலவே, உயிரணுவுக்குள் புரதம் உருவாகும் பணியை நிறுத்திவிடும் நஞ்சு. விதையின் தோல் மிகக் கெட்டியாதலால் மென்று உடைக்காமல் முழுதாக விழுங்கப்பட்ட விதை கேடு செய்யாமல் கழிவோடு வெளியேறிவிடுவதும் உண்டு; ஆனால் நாயின் கடைவாய்ப்பல்லில் ஒரு விதை நொறுங்கினால் நிலைமை வேறு. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் வெளிப்படுகின்றன என்பது வீட்டாரை ஏமாற்றும் இடம். வேலியில் கொடி இல்லாத வீட்டுக்குள்ளும் விநாயகர் சதுர்த்தியன்று இந்த விதைகள் களிமண் பிள்ளையாரின் கண்களாக வந்துசேர்கின்றன. பிள்ளையாரை வீட்டு வாளியிலேயே கரைத்து அந்த மண்ணைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் இப்போது வளர்ந்துவருவதால், கரைக்கும் முன் கண்களைத் தனியே எடுத்து வைத்துவிடுவது அவசியம்.

இவ்விரண்டையும் நோக்க, நகரத்து வீடுகளில் எங்கும் காணப்படும் மணி பிளாண்ட் அத்தனை கொடியதன்று, ஆயினும் நாய்கள் அடிக்கடி கடிப்பது இதைத்தான். பசிபிக் கடலிலுள்ள பிரெஞ்சு பாலினேசியாவின் மூரேயா தீவைத் தாயகமாகக் கொண்ட இந்தக் கொடியின் இலையிலும் தண்டிலும், கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, தீப்பெட்டிக்குள் குச்சிகள்போல், தனித்தனி உயிரணுக்களுக்குள் நுண்ணிய ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. பல் பட்டு உயிரணு உடைந்ததும் ஊசிகள் வெளிப்பாய்ந்து நாக்கிலும் ஈறிலும் தொண்டையிலும் தைக்கின்றன. நாய் முன்காலால் வாயைத் தேய்க்கும், எச்சில் ஒழுகும், உதடு வீங்கும், சில வேளைகளில் வாந்தி எடுக்கும். கடித்த உடனேயே எரிச்சல் தொடங்கிவிடுவதால் எந்த நாயும் இதை நிறையத் தின்பதில்லை, உயிருக்கு ஆபத்து நேர்வதும் அரிது. சிங்கோனியம், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா ஆகிய அழகுக்கொடிகளும் சேப்பங்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்த இதன் உறவுகளே. அவற்றின் விளைவும் இவ்வாறே இருக்கும். பிரண்டையை ஆய்கையில் சமைப்பவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது ஏறத்தாழ இதே காரணத்தால்தான். மஞ்சள் பூ பூக்கும் அலமண்டாவின் பால் வாந்தியையும் கழிச்சலையும் உண்டாக்கும். காகிதப்பூவில் அஞ்ச வேண்டியது நஞ்சைவிட முள்ளையே.

திராட்சைக் கொடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மனிதர்க்கு நல்ல உணவான ஒன்று நாயின் சிறுநீரகத்தை அழிக்கும் என்பதைப் பலரால் நம்ப முடிவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் வீட்டு மாடிகளிலும் பந்தலிட்டு அதை வளர்க்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. பழம் உதிர்வது பந்தலின் இயல்பு, அதைப் பொறுக்கித் தின்பது நாயின் இயல்பு. பச்சைத் திராட்சையோ உலர்திராட்சையோ தின்ற நாய்களில் சிலவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வாந்தியும் சோர்வும் தோன்றி, அடுத்த ஓரிரு நாள்களில் சிறுநீர் குறைந்து சிறுநீரகம் செயலிழக்கிறது. வேறு சில நாய்கள் நிறையத் தின்றும் ஒன்றும் ஆகாமல் இருக்கின்றன. இந்த முரண்பாட்டுக்கான விளக்கம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில், வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்களுக்கும் இதே நோய் வந்ததைக் கவனித்த கால்நடை நஞ்சியல் வல்லுநர்கள், மாவிலும் திராட்சையிலும் பொதுவாக இருந்தது டார்ட்டாரிக் அமிலமும் அதன் உப்பும் என்பதைக் கண்டு, நஞ்சு அதுவாகவே இருக்கக்கூடும் என்று 2021-இல் எழுதினார்கள். பழத்தின் வகைக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்த அமிலத்தின் அளவு மாறுவதால் விளைவும் மாறுகிறது என்பது அவர்கள் கருத்து. அதே அமிலம் மிகுதியாக உள்ள இன்னொரு பொருள் புளி. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதுபட்டதை அதே ஆய்வாளர்கள் பதிவு செய்திருப்பதால், தமிழ் வீடுகளில் இந்தச் செய்தி திராட்சையோடு நின்றுவிடக் கூடாது. புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை நாய்க்கு வைக்கும் பழக்கத்தையும் கைவிடுவது நல்லது.

இவ்வளவு கேட்டபின் கொடியே வேண்டாம் என்று எவரும் முடிவுக்கு வரத் தேவையில்லை. மல்லிகை, முல்லை, சாதிமல்லி ஆகிய உண்மையான மல்லிகை இனங்கள் அனைத்தும் நாய்க்குத் தீங்கற்றவை என்றே நஞ்சியல் பட்டியல்கள் கூறுகின்றன. இவற்றின் பெயரைத் தாங்கி நாற்றங்கால்களில் விற்கப்படும் எல்லாம் மல்லிகை அல்ல என்பது மட்டும் நினைவிலிருக்க வேண்டும். மஞ்சள் மல்லிகை என்ற பெயரில் வழங்கும் கரோலினா ஜெசமின், தசைகளைத் தளர்த்தி மூச்சை நிறுத்தக்கூடிய நஞ்சுகளைக் கொண்ட முற்றிலும் வேறான கொடி. கொடியை வாங்கும்போது அதன் தாவரவியல் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வது, பின்னொரு நாள் மருத்துவர்முன் நிற்க நேர்ந்தால் பெரிதும் உதவும். மணி பிளாண்டைத் தொங்குதொட்டியில் வைத்து அதன் நுனி தரையைத் தொடாமல் கத்தரித்துவருவதும், செங்காந்தளை விட்டுவிட மனமில்லாதவர்கள் அதன் தொட்டியை உயரத்தில் ஏற்றி மண்ணின் மேற்பரப்பைக் கோழிவலையால் மூடிவைப்பதும், கவாத்து செய்த துண்டுகளை அன்றே அப்புறப்படுத்துவதும் நடைமுறையில் போதுமான காவல்கள். குன்றிமணிக்கு மட்டும் இத்தகைய சமரசம் ஏதுமில்லை. நாயிருக்கும் வேலியிலிருந்து அதை வேரோடு களைந்துவிட வேண்டும்.

நாய் எதையேனும் தின்றுவிட்டது தெரிந்தால் வாயில் எஞ்சியிருப்பதை அகற்றி நீரால் கழுவிய உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்வதே முறை. அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருப்பது, காந்தளிலும் குன்றிமணியிலும் திராட்சையிலும் சிகிச்சைக்குரிய மணிநேரங்களை வீணாக்குவதாகும். உப்புக்கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் வழக்கம் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றித் தானே உயிரைப் பறிக்கக்கூடும்; வாந்திக்காகப் புளிக்கரைசலைப் புகட்டுவதும் ஏன் ஆகாது என்பது மேலே கூறப்பட்டது. வாந்தியைத் தூண்டும் ஊசி, குடலில் நஞ்சை ஈர்த்துப் பிடிக்கும் செறிவூட்டிய கரி, நாளத்தின் வழியே செலுத்தும் நீர்மம் ஆகியவை மருத்துவமனையில்தான் கிடைக்கும். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. அருகில் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். போகும்போது கொடியின் ஒரு துண்டையோ படத்தையோ எடுத்துச்சென்று, எந்தப் பகுதியை, ஏறத்தாழ எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது, நாயின் எடை என்ன என்பவற்றைச் சொன்னால் சிகிச்சை உடனே தொடங்கும். செங்காந்தளைத் தின்ற நாய், வாந்தியும் கழிச்சலும் நின்று உண்ணத் தொடங்கிய பிறகும், எலும்பு மச்சை பாதிக்கப்பட்டதன் விளைவாக இரத்த வெள்ளணுக்கள் சில நாள் கழித்தே குறையத் தொடங்கும் என்பதால், மருத்துவர் குறித்துத் தரும் நாள்களில் மீண்டும் மீண்டும் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும்.