இறைப்புப் பம்பியும் மின்கம்பியின் தடையும்

புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயாவுக்கு அண்மையில், வில்பத்துக் காட்டின் தென்னெல்லையில் உள்ள எலுவன்குளம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. இத்தகைய இடங்களில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் மரக்கறிச் செய்கை பெரிதும் இறைப்பையே நம்பியிருக்கும். கத்தரியும் மிளகாயும் காய்க்கும் வேளையில் பம்பியின் மோட்டர் எரிந்துபோனால், இட்ட பசளையும் பட்ட பாடும் வீணாகும். மோட்டர் எரிவதற்குரிய காரணங்களுள் ஒன்று, கிணற்றுக்குச் செல்லும் கம்பி மெல்லியதாயிருத்தலாகும். இதனைக் கமக்காரர் சிறு கணக்கினால் முன்னரே அறிந்துகொள்ளலாம்.

அளவுகள்

குழாயில் நீரைத் தள்ளும் அழுக்கம் போன்றது வோல்ற்றளவு. ஓடும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். அது அம்பியரில் அளக்கப்படும். ஓட்டத்தை எதிர்ப்பது தடை. அதன் அலகு ஓம்.

வோல்ற்றளவை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் வலு வாற்றில் கிடைக்கும். இலங்கையில் வீட்டு மின்னின் அளவு 230 வோல்ற்று. ஒரு மின்னடுப்பு 4 அம்பியர் எடுப்பின், அதன் தடை 57.5 ஓம், வலு 920 வாற்று. அது 5 மணி நேரம் எரிந்தால் 4.6 அலகு மின் செலவாகும்.

மோட்டருக்கு இக்கணக்கு முற்றிலும் பொருந்தாது. பெருக்கி வந்த தொகையை அதன் தகட்டிற் குறித்துள்ள வலுக்காரணியாலும் பெருக்குதல் வேண்டும். அது 0.8 ஆயின், 230 வோல்ற்றில் 5 அம்பியர் எடுக்கும் மோட்டரின் மின்வலு 920 வாற்றாகும்.

கம்பியில் ஏற்படும் இழப்பு

1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியின் தடை 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1.2 ஓம். கிணறு 100 மீற்றர் தொலைவிலிருப்பின், போகும் கம்பிக்கும் மீளும் கம்பிக்கும் சேர்த்து 2.4 ஓம். 5 அம்பியர் ஓடும்போது 12 வோல்ற்று குறையும். 60 வாற்று வீணே வெப்பமாகும். 4 சதுர மில்லிமீற்றர் கம்பியாயின், குறைவு 5 வோல்ற்றுக்கு உட்பட்டதே.

மோட்டர் தொடங்கும்போது பன்மடங்கு ஓட்டத்தை இழுக்கும். அது 25 அம்பியர் எனக் கொண்டால், மெல்லிய கம்பியில் ஏறத்தாழ 60 வோல்ற்று குறையும். எஞ்சிய 170 வோல்ற்றில் மோட்டரின் தொடக்கச் சுழற்று விசை ஏறக்குறையப் பாதியாகும். மோட்டர் சுழலாது முனகி நின்றால், மிகுந்த ஓட்டம் தணியாமற் சுருள்களைச் சுடும்.

கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றினால் இணைப்புகள் களிம்பேறும். ஓர் இணைப்பில் 1 ஓம் தடை ஏற்பட்டாலும், 5 அம்பியரில் 25 வாற்று வெப்பம் அவ்வோரிடத்திலேயே பிறக்கும். உறை உருகித் தீப்பற்றவும் கூடும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. கம்பி வாங்குமுன் கிணற்றின் தூரத்தையும் மோட்டர்த் தகட்டிலுள்ள அம்பியரையும் குறித்துக்கொள்க.
2. தூரம் கூடினால் பருமனான கம்பியைத் தெரிந்தெடுக்க.
3. மோட்டர் முனகினால் உடனே ஆளியை நிறுத்துக. மீண்டும் மீண்டும் முயலற்க.
4. இணைப்புகளை நீர்புகாப் பெட்டியுள் அமைக்க. புவியிணைப்பு இன்றிப் பம்பியை இயக்கற்க.
5. அளத்தலையும் இணைத்தலையும் தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டே செய்விக்க. ஈரக் கையால் எதனையும் தொடற்க.

கம்பிக்குச் சற்று மிகுதியாகச் செலவிடுதல், காய்க்கும் பயிரைக் காக்கும் செலவேயாகும்.