துரத்திப் பிடித்த பிறகு...

கீழே தெருவில் கார், மேலே ரயில். இந்த ஒரு துரத்தல் காட்சிக்காகவே உலகமெங்கும் பேசப்படும் படம் 'தி பிரெஞ்ச் கனெக்ஷன்'. 1971-இல் வெளிவந்தது. இயக்கியவர் வில்லியம் ஃப்ரீட்கின். துப்பறியும் போலீஸ்காரர் டாயிலாக நடித்தவர் ஜீன் ஹாக்மன். சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட ஐந்து ஆஸ்கார் விருதுகள் அதற்குக் கிடைத்தன. பிரான்சின் மார்செய் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு வரும் ஹெராயினை இரண்டு போலீஸ்காரர்கள் மோப்பம் பிடித்துப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், வாளையாறு என்று சோதனைச் சாவடிகளைப் பார்த்தே வளர்ந்த பெருமாட்டி வட்டாரத்து அன்பர்களுக்கு, வண்டியை ஓரங்கட்டி டிக்கியைத் திறக்கச் சொல்லும் கதை புதிதல்ல.

ரயில்வேயில் இருந்தவன் என்பதால் முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காட்சி படமானது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். அங்கே தெருவின் மேலாக இரும்புத் தூண்களில் ரயில் பாதை ஓடுகிறது. கொலைகாரன் ரயிலில் ஏறி, ஓட்டுநரைத் துப்பாக்கி முனையில் நிறுத்தாமல் ஓட்டச் செய்கிறான். கீழே டாயில் யாரோ ஒருவருடைய காரைப் பிடுங்கிக்கொண்டு துரத்துகிறார். அதிர்ச்சியில் ஓட்டுநர் மயங்கிச் சாய்கிறார். மின்சார ரயில்களில் ஓட்டுநர் கையை எடுத்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி உண்டு. ஆனால் ஆள் அதன் மேலேயே சரிந்து அழுத்திக்கொண்டிருந்தால் அது ஏமாந்துவிடும். அதனால் நியூயார்க்கில் இன்னொரு ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். சிக்னல் சிவப்பாக இருக்கும்போது தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு சிறிய இரும்புக் கை நிமிர்ந்து நிற்கும். மீறி வரும் வண்டியின் அடியிலுள்ள வால்வை அது தட்டிவிடும். குழாயிலுள்ள காற்று வெளியேறும், பிரேக் தானே விழும். காற்று போனால் வண்டி நிற்க வேண்டும் என்பதுதான் ரயில் பிரேக்கின் அடிப்படை. படத்திலும் அந்தக் கைதான் வண்டியைப் பிடிக்கிறது. இரண்டு ரயில்கள் நெருங்கும் காட்சியை, ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போவதாகப் படமெடுத்துத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். நல்ல யோசனை. மெய்யாக மோதவிட எந்த ரயில்வேயும் சம்மதிக்காது!

என்னை அதைவிடக் கவர்ந்தது வேறு காட்சி. சந்தேகப்பட்ட காரைக் கொண்டுவந்து அக்கக்காகப் பிரித்துப் போடுகிறார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் காரின் எடை அதன் கையேட்டில் இருப்பதைவிட 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ, கூடுதல் என்று தெரியவருகிறது. வேகன்களின் பக்கவாட்டில் காலி எடையை எழுதி வைப்பது எதற்கு? எடைமேடையில் ஏற்றிக் கழித்தால் மீதி சரக்கு. அதே கணக்குதான் இங்கும். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டிக்குள் ஹெராயின் பொட்டலங்கள் இருந்தன.

இந்தக் கதை பெரும்பாலும் உண்மை. எட்டி ஈகன், சன்னி குரோஸோ என்ற நியூயார்க் போலீஸ்காரர்கள் 1961-62-இல் துப்பறிந்த வழக்கு. இருவரும் படத்தில் சிறு வேடங்களில் தலைகாட்டவும் செய்கிறார்கள். ரயில் துரத்தல் சினிமாவுக்காகச் சேர்த்தது. உண்மையில் பிடிபட்ட சரக்கு ஏறக்குறைய 50 கிலோ.

படம் சொல்லாத கதை அதன் பிறகுதான் வருகிறது. பிடித்த ஹெராயினைப் போலீஸ் சாட்சிப் பொருள் கிடங்கில் பூட்டி வைத்தார்கள். 1972 டிசம்பரில் பார்த்தால், பல பொட்டலங்களில் இருந்தது வெறும் மாவு. அதில் வண்டு விழுந்து அரித்துக்கொண்டிருந்தது. 1969-க்கும 1972-க்கும் இடையில், போலீஸ்காரர் பெயரில் பொய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள். மற்ற வழக்குகளின் சரக்கையும் சேர்த்து ஏறத்தாழ 180 கிலோ போயிருந்தது. அதாவது, டாயிலின் சாகசத்தை ஜனங்கள் கைதட்டி ரசித்த சமயத்தில் அவர் பிடித்த சரக்கு மறுபடி கடைத்தெருவுக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில்தான் அப்படி என்று எண்ண வேண்டாம். 1990 ஏப்ரலில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஆஸ்திரேலியர் ஒருவர் 61.5 கிராம் ஹஷீஷுடன் பிடிபட்டார். மறைத்திருந்த இடம் உள்ளாடை. பத்தாண்டுச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு வந்தபோது, அந்த உள்ளாடை இவருக்குச் சேரவே சேராது, அளவு சிறியது என்று வாதம். 1991-இல் விடுதலையாகி ஊர் போய்ச் சேர்ந்தார். சாட்சிப் பொருளான அந்த உள்ளாடை நீதிமன்றத்திலிருந்து வெளியே போய், வெட்டித் தைக்கப்பட்டுத் திரும்பி வந்தது என்று பிறகு வேறொரு வழக்குப் பதிவானது. அவ்வழக்கின் விசாரணையை நடத்தியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பரில்! இடைப்பட்ட காலம் முப்பத்து நான்கு ஆண்டுகள். பிடிப்பதற்குச் சில நிமிடங்கள் போதுமாயிருந்தன.

சென்னையில் 2004-இல் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் ஒரு காரை மடக்கி ஐந்தேகால் கிலோ ஹெராயினைப் பிடித்தார்கள். ராஜஸ்தானிலிருந்து சென்னை வழியாக இலங்கைக்குப் போகவிருந்த சரக்கு என்று வழக்கு. அது தூஃபான் சிங் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் ஏறிவிட்டது. போதைத் தடுப்பு அதிகாரியிடம் கைதி கொடுத்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கலாமா என்பது கேள்வி. கூடாது என்று 2020 அக்டோபர் 29-இல் மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பளித்தார்கள். சிலர் இதைக் கடத்தல்காரனுக்குச் சாதகம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடித்து வாங்கிய வாக்குமூலம் எந்த வழக்கிலும் வரலாம், நிரபராதியிடமிருந்தும் வரலாம். டாயில் படத்தில் ஆட்களைப் போட்டு உதைப்பதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள், தம் வீட்டுப் பிள்ளை அந்தக் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். இங்கே தண்டனை சாதாரணமானதல்ல: 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிக அளவு ஹெராயின், அதாவது 250 கிராமுக்கு மேல், இருந்தால் குறைந்தது பத்தாண்டு. கஞ்சாவுக்கு அந்த அளவு 20 கிலோ.

சாட்சிப் பொருளைக் காப்பதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 1989-இல் சேர்க்கப்பட்ட 52-ஏ பிரிவின்படி, பிடித்ததை மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியலிட்டு, புகைப்படமெடுத்து, மாதிரி எடுத்துச் சான்று பெற்றபின் மீதியை வழக்கு முடியும் முன்பே அழித்துவிடலாம். பட்டியலும் படமும் மாதிரியுமே சாட்சியாக நிற்கும். 2022-இல் இதற்குத் தனி விதிகளும் வந்தன. நியூயார்க் கிடங்கில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் வண்டுக்கு மாவு கிடைத்திருக்காது.

படத்தின் முடிவில் பெரிய கடத்தல்காரன் தப்பிவிடுகிறான். இருட்டில் டாயில் சுட்டது ஓர் அரசாங்க அதிகாரியை. இரண்டு போலீஸ்காரர்களும் போதைத் தடுப்புப் பிரிவிலிருந்து மாற்றப்பட்டார்கள் என்று திரையில் எழுத்து ஓடுகிறது. படம் பார்க்கக் கிடைத்தால் அதற்கு முன்பே எழுந்து போய்விடாதீர்கள்.