பொருத்தம் பார்க்கும் மென்பொருள்

நிறுவனம் போக நினைக்கும் திசைக்கும் அங்கே வேலை பார்ப்பவர்களின் திறமைக்கும் பொருத்தம் பார்க்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிடலாம் என்ற பேச்சு மனிதவளத் துறையில் பலமாக அடிபடுகிறது. யாரை எடுப்பது, யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பது, எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் மென்பொருளே கணக்குப் போட்டுத் தந்துவிடுமாம். போடும்தான். ஆனால் எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதை மேலிடம்தான் முடிவுசெய்ய வேண்டும். அங்கே பிசகினால், அந்தப் பிசகையே மென்பொருள் அச்சுப் பிசகாமல் நிறைவேற்றிவிடும்.

இப்போது வாங்கிப் பிறகு பணம் கட்டும் வசதியைத் தரும் ஸ்வீடன் நிறுவனம் கிளார்னா. தன் வாடிக்கையாளர் சேவை உரையாடல்களில் மூன்றில் இரண்டு பங்கைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரே கவனித்துக்கொள்கிறது, அது 700 முழுநேர ஊழியர்களின் வேலைக்குச் சமம் என்று 2024 பிப்ரவரியில் பெருமையோடு அறிவித்தது. 11 நிமிடம் பிடித்த விவகாரம் 2 நிமிடத்துக்குள் முடிந்தது. மறு ஆண்டே அதன் தலைவர் செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி, செலவுக்கே அதிக முக்கியத்துவம் கொடுத்துவிட்டோம், தரம் இறங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, மறுபடியும் மனிதர்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்தார். மென்பொருள் பழுதாகிவிடவில்லை. நிமிடங்களைக் குறைத்தால் போதும் என்றார்கள், குறைத்துக் கொடுத்தது. குழம்பிப்போய்க் கேட்கிற வாடிக்கையாளருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும் வியாபாரத்தின் பகுதிதான் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

அமேசானில் நடந்தது இன்னொரு விதம். விண்ணப்பங்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போடும் மென்பொருளை அங்கே 2014இல் உருவாக்கத் தொடங்கினார்கள். பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, மகளிர் சதுரங்கக் குழுத் தலைவி என்று எழுதியிருந்தாலே மதிப்பெண் குறைந்தது. திட்டத்தைக் கைவிட்டார்கள், 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. நிறுவனத்தின் திட்டம் நாளைக்கானது. இயந்திரம் கற்றதோ நேற்றைய பழக்கத்தை.

மனிதர்கள் மட்டும் பாரபட்சம் பார்ப்பதில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலாளரின் மனத்துக்குள் இருப்பதைத் தணிக்கை செய்ய முடியாது, மென்பொருளைத் தணிக்கை செய்யலாம். நியூயார்க் நகரில் 2023 ஜூலையிலிருந்து, இத்தகைய கருவிகளுக்கு ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கை கட்டாயம். ஆனால் ஒரு மேலாளரின் ஓரவஞ்சனை அவருடைய மேசையோடு நிற்கும். மென்பொருளின் ஓரவஞ்சனை விண்ணப்பித்த அத்தனை பேர் மீதும் பாயும். தணிக்கையை ஆண்டுச் சடங்காக்கிவிட்டால் பயனில்லை.

என் பார்வையில், ஆளை எடைபோடுவதைவிட, உள்ளே ஏற்கெனவே இருக்கிற திறமையைக் கண்டெடுப்பதுதான் இந்தக் கருவிகளுக்குத் தோதான வேலை. பிரான்ஸின் ஷ்னைடர் எலெக்ட்ரிக்கில், விலகிப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், நிறுவனத்துக்குள்ளேயே அடுத்த வாய்ப்பு எதுவும் கண்ணில் படவில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு, ஊழியர் தன் திறமையையும் விருப்பத்தையும் பதிவுசெய்தால் பொருத்தமான பதவிகளையும் பகுதிநேரத் திட்டங்களையும் வழிகாட்டிகளையும் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்காட்டும் உள்சந்தை ஒன்றை அமைத்தார்கள். இதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நன்றாக வேலை செய்கிறவரை வேறு பிரிவுக்கு விட்டுக்கொடுக்க எந்த மேலாளருக்கும் எளிதில் மனம் வராது. அப்படி விட்டுக்கொடுத்தவருக்கு ஆண்டு மதிப்பீட்டில் மதிப்பெண் உண்டா என்பதை மென்பொருளிடம் கேட்டுப் பயனில்லை. நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும்.